ஹெல்சிங்கியில் ஒரு கணக்கு நோட்டு

மாதம் 560 யூரோ. பின்லாந்துக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர் கையில் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறை 2018இல் வைத்திருந்த அளவு இது. ஓராண்டுக்கு 6,720 யூரோ. தங்கப்போகும் மாதங்களுக்குத் தக்கபடி கணக்கிட்டு, அந்தப் பணம் வங்கியில் இருப்பதைக் காட்டினால்தான் வசிப்பு அனுமதி கிடைக்கும். ஒரு யூரோ எண்பது ரூபாயைத் தாண்டியிருந்த நேரம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்பா பெருக்கிப் பார்த்தார். மாதத்துக்கு 45,000 ரூபாய்க்கு மேல் வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியரான அவர் ஜி.பி.எஃப். லோன் போட்டார். "அங்க போயி வயித்தக் கட்டாதம்மா. பணத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த 560ஐத் தாண்டாமல் இருந்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம், ஆகஸ்ட் கடைசியிலிருந்து டிசம்பர்வரை, நிலவியல் படிப்பதற்காகப் போனேன். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து ஆங்கில வழியில் பட்டப்படிப்பு சேரும் மாணவர்களுக்கு பின்லாந்து 2017 முதல் கட்டணம் விதிக்கத் தொடங்கியிருந்தது. இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தப்படி வரும் பரிமாற்ற மாணவர்களுக்கு அது கிடையாது. ஆக, செலவு என்பது இருக்க இடம், சாப்பாடு, போக்குவரத்து, குளிருக்குத் துணி. இந்த நான்குக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

போகும் முன்பே ஒரு கணக்கு நோட்டு வாங்கிக்கொண்டேன். அது அம்மாவைப் பார்த்து வந்த பழக்கம். மாதத்தின் முதல் தேதி அம்மா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கோடு போடுவார். பால்காரர், பேப்பர் பையன், இஸ்திரிக்காரர், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, பூக்காரம்மா, கேஸ் சிலிண்டர் தூக்கி வருபவருக்குக் கொடுக்கும் சில்லறை. மளிகையும் மின்சாரமும் அதற்கப்புறம்தான் வரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த நோட்டில் இருப்பது மனிதர்களின் வரிசை. ஹெல்சிங்கியில் என் நோட்டை எழுத உட்கார்ந்தபோது அதில் ஒரு மனிதர்கூட வரவில்லை. எல்லாம் பொருள்களின் பெயர்கள். அது என்னவோ போல் இருந்தது. ஏன் அப்படி என்பது சில வாரங்கள் கழித்துத்தான் பிடிபட்டது.

முதலில் வீடு. ஹெல்சிங்கி வட்டாரத்து மாணவர் குடியிருப்புகளை நடத்துவது ஹோவாஸ் என்ற அறக்கட்டளை, 1969இல் தொடங்கியது. நகரின் வடக்கே கன்னெல்மாக்கியில் மூன்று அறைகள் கொண்ட ஒரு வீட்டில் எனக்கு ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் பொது. வாடகை 375 யூரோ. தண்ணீர், மின்சாரம், வெந்நீர்க் குழாய் வழி வரும் அறைச் சூடு, இணையம் எல்லாம் அதற்குள் அடக்கம். அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை. கதவில் தொங்கும் அட்டவணையில் பெயரெழுதி முறை பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த அறையில் செக் நாட்டுப் பெண், மூன்றாவது அறையில் வியட்நாமியப் பெண். வீட்டைச் சுத்தம் செய்வதற்கு எங்களுக்குள் முறை வைத்துக்கொண்டோம். காலி செய்யும்போது அழுக்காக விட்டுப்போனால் ஆள் வைத்துச் சுத்தம் செய்த கூலி முன்பணத்தில் கழியும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. அந்தத் தொகை இரண்டு வார மளிகையைவிடப் பெரிது. மூன்று பேரும் அந்த வரியைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வாடகை போக 185 யூரோ மிஞ்சும். இதில் மாதப் பயணச்சீட்டு முப்பது யூரோவுக்குள். முழுநேர மாணவர்களுக்கு அப்போது ஏறக்குறையப் பாதி விலை. ரயில், டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அட்டை போதும். கன்னெல்மாக்கியில் ரயிலேறி, பாசிலாவில் இறங்கி, பேருந்து பிடித்துக் கும்புலா குன்றின் மேலிருக்கும் அறிவியல் வளாகத்துக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அட்டையில் சுவோமென்லின்னாவுக்குப் படகேறலாம். கடலுக்குள் தீவுகளின் மேல் எழுப்பிய அந்தக் கோட்டை 1991 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அதற்குப் போகும் படகும் நகரப் போக்குவரத்தில் சேர்த்தி என்று தெரிந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "கப்பலுக்கும் பஸ் பாஸா?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடுத்தது மதியச் சாப்பாடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நின்றது. பல்கலைக்கழக உணவகமான யூனிகஃபேயில் மாணவர் அட்டையைக் காட்டினால் அப்போது 2.60 யூரோ. அந்த விலையில் ஒரு சூடான பதார்த்தம், கூட உருளைக்கிழங்கோ சோறோ, தட்டில் கொள்ளும் அளவு காய்கறி சாலட், ரை ரொட்டி, அதில் தடவ வெண்ணெய், குடிக்கப் பால். சைவமும், பால்கூடச் சேர்க்காத தாவர உணவும் தினமும் இருக்கும். வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் பான்கேக்கும். பாலுக்குப் பக்கத்தில் பீமா என்று ஒரு குடுவை. கெட்டியாகப் புளித்திருக்கும். தண்ணீரும் உப்பும் கலந்தால் நம்மூர் மோர்தான். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான கெலா அப்போது 1.94 யூரோ மானியம் கொடுத்தது. பரிமாற்றத்தில் வந்த எனக்கும் அது உண்டு. நான் அந்த நாட்டுக்கு வரி கட்டியவளல்ல. என் அப்பாவும் கட்டியதில்லை. இருந்தும் அந்த வரிசையில் பின்லாந்துப் பிள்ளைகளோடு நானும் தட்டை நீட்டி நின்றேன். யாரும் என்னை வேறாகப் பார்க்கவில்லை.

பள்ளி மாணவர் அனைவருக்கும் இலவச மதிய உணவு என்ற சட்டத்தை பின்லாந்து 1943இல், போர் நடந்துகொண்டிருந்த வறிய காலத்தில் இயற்றியது. 1948இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிச் சோறு போட்டதில் அதுவே முதல் நாடு. இதைக் கேட்டபோது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு நான் கேட்டு அறிந்தது; 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு என் அப்பாவின் பள்ளிக்கூடத்தில் நான் கண்ணால் கண்டது. ஒரு நாடு பணக்கார நாடான பிறகுதான் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியும் என்பது பொய். இரண்டு ஊரும் கையில் இல்லாத காலத்தில்தான் அதைத் தொடங்கின.

மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால் இரவுக்குச் சிறிது போதும். மளிகைக்கு மாதம் 65 யூரோ வைத்திருந்தேன். அந்த ஊரில் எது மலிவு என்று தெரிந்துகொள்வது ஒரு படிப்பு. அப்போது ஓட்ஸ் கிலோ ஒரு யூரோவுக்குள். பால் லிட்டர் அதே விலை. இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், வெங்காயம் எல்லாம் கிலோ ஒரு யூரோவை ஒட்டித்தான். ஒவ்வொரு பொருளின் விலைச்சீட்டிலும் ஓரத்தில் சிறிய எழுத்தில் கிலோவுக்கு என்ன விலை என்று போட்டிருக்கும். பெரிய எழுத்தை விட்டு அந்தச் சிறிய எழுத்தைப் பார்க்கப் பழகினேன். ரொக்கம் கொடுத்தால் தொகையை ஐந்து சென்ட்டுக்குச் சரிசெய்வார்கள். ஒரு சென்ட், இரண்டு சென்ட் காசுகள் அங்கே புழக்கத்தில் இல்லை. கெட்டுப்போகும் தேதி நெருங்கும் பொருள்களில் 30 சதவீதம் தள்ளுபடிச் சீட்டு ஒட்டுவார்கள். எஸ் மார்க்கெட் கடைகளில் இரவு ஒன்பதுக்கு மேல் அது 60 சதவீதம் ஆகும். மாணவர்கள், முதியவர்கள், வேலை முடிந்து வருபவர்கள் எல்லோரும் அந்த நேரத்துக்கு அமைதியாக வந்து எடுத்துப்போவார்கள். உணவு குப்பைக்குப் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதில் வாங்குவதை யாரும் கௌரவக் குறைவாக நினைப்பதில்லை.

துவரம்பருப்புக்கும் புளிக்கும் ஹக்கானியெமி பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஆசிய மளிகைக் கடைகள் வரிசையாக உண்டு. மாதம் ஒருமுறை போய்ப் பருப்பும் அரிசியும் வாங்கி வருவேன். ரசப்பொடியும் பெருங்காயமும் அம்மா கட்டிக் கொடுத்திருந்தார். குக்கர் விசில் சத்தத்துக்கு முதல் நாள் என் வீட்டுத் தோழிகள் இருவரும் அறையிலிருந்து ஓடி வந்தார்கள். அப்புறம் விசில் கேட்டால் தட்டோடு வருவார்கள். வாரத்தில் ஒரு நாள் என் ரசமும் சோறும், ஒரு நாள் செக் பெண்ணின் உருளைக்கிழங்கு சூப், ஒரு நாள் வியட்நாம் பெண்ணின் நூடுல்ஸ். ஒருத்திக்குச் சமைப்பதைவிட மூவருக்குச் சமைப்பது தலைக்குக் குறைவு என்பது மூன்று பேரின் கணக்கிலும் தெரிந்தது.

இத்தனை மலிவுகளுக்கு நடுவே அந்த ஊர் என்னை மலைக்க வைத்ததும் உண்டு. நகரின் நடுவில் ஒரு காபி மூன்று யூரோ. சாதாரண உணவகத்தில் இரவுச் சாப்பாடு என் ஒரு வார மளிகைச் செலவு. முடி நுனி வெட்ட 35 யூரோ என்று கடைக் கண்ணாடியில் பார்த்தபோது எங்கள் தெரு முடிதிருத்தும் கடையில் அப்பா கொடுக்கும் பணம் நினைவுக்கு வந்தது. பழைய கோட் ஒன்றின் ஜிப் கிழிந்தது. மறுபயன்பாட்டு மையத்தில் அந்தக் கோட்டை வாங்கிய விலையைவிடத் தையற்கடையில் ஜிப் மாற்றக் கேட்ட கூலி இரண்டு மடங்கு.

அன்று இரவு நோட்டை வைத்துக்கொண்டு யோசித்தேன். எது விலை கூடுதல், எது குறைவு என்று இரண்டு பத்தியாக எழுதினேன். எழுதி முடித்ததும் காரணம் தன்னால் தெரிந்தது. எனக்கென்று இன்னொருவர் கை வேலை செய்யும் இடமெல்லாம் விலை. முடி வெட்டுபவர், காபி ஊற்றித் தருபவர், ஜிப் தைப்பவர், டாக்சி ஓட்டுபவர். என் கையால் நானே செய்துகொள்வதும், பலரோடு பங்கிட்டுக்கொள்வதும் மலிவு. ஓட்ஸ் கஞ்சி, ரயில், துணி துவைக்கும் அறை, நூலகம், ஐநூறு பேருக்கு ஒன்றாகச் சமைக்கும் மதிய உணவு. பின்லாந்தில் குறைந்தபட்சக் கூலிக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒவ்வொரு துறையிலும் தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் பேசிக் கூட்டு ஒப்பந்தம் போடுகின்றன. துப்புரவு வேலைக்கும் அது உண்டு. சம்பளம், விடுப்பு, உடம்புக்கு முடியாத நாளின் ஊதியம் எல்லாம் அதில் அடங்கும். அந்த ஊர் விலையின் பெரும்பகுதி அங்கே வேலை செய்யும் மனிதரின் கௌரவமான வாழ்க்கைக்குப் போகிறது. அதற்கு மேல் பொருள்களுக்கு மதிப்புக்கூட்டு வரி அப்போது பொதுவாக 24 சதவீதம், உணவுக்கு 14 சதவீதம் இருந்தது. அதன் ஒரு பங்குதான் என் மதியத் தட்டுக்கும் திரும்பி வந்தது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு செலவைக் குறைப்பது கஷ்டமாகவே தெரியவில்லை. செக் பெண் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தவள். என் தலைமுடியை அவள் வெட்டிவிட்டாள். அவளுக்கு நான் தேர்வுக்கு முன் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். கோட்டின் ஜிப்பை மாற்ற ஊரின் புதிய நூலகத்துக்குப் போனேன். டிசம்பர் 5 அன்று, பின்லாந்தின் சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், நாடாளுமன்றத்துக்கு எதிரே 'ஓடி' என்ற மத்திய நூலகம் திறக்கப்பட்டது. இரண்டாம் தளத்தில் தையல் இயந்திரங்கள் வைத்திருந்தார்கள். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து இயந்திரத்திலிருந்த ஒரு பாட்டி கற்றுக்கொடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு பின்னிஷ் தெரியாது. கோட் சரியானதும் அவர் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஏறக்குறைய ஆறு மணி நேரமே பகலிருந்த அந்த டிசம்பரை நான் அந்தக் கோட்டுக்குள்ளேயே கழித்தேன்.

செப்டம்பரில் காசே இல்லாமல் கிடைத்தது ஒன்று உண்டு. ஹெல்சிங்கியின் நடுவிலிருந்து வடக்கே காடாக நீளும் மத்தியப் பூங்கா கன்னெல்மாக்கிக்கு அருகே போகிறது. காட்டில் பழம் பறிக்கவும் காளான் எடுக்கவும் பின்லாந்தில் எவருக்கும் உரிமை உண்டு. நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. பாசி படர்ந்த தரையில் சிவப்புச் சிவப்பாக லிங்கன்பெர்ரி காய்த்துக் கிடக்கும். அவர்கள் புவோலுக்கா என்பார்கள். கடித்தால் புளிப்பும் ஒரு துவர்ப்பும். அந்தப் பழத்தில் இயல்பாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால் எளிதில் கெடாது. வாளி நிறையப் பறித்து வந்து, நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து, மிளகாய்ப்பொடியும் பெருங்காயமும் போட்டுத் தொக்கு கிளறினேன். டிசம்பர்வரை தயிர்சாதத்துக்கு அதுதான் துணை. ஃபோனில் செய்முறையைச் சொன்னபோது அம்மா, "வெல்லம் ஒரு துளி போட்டியா?" என்று கேட்டார். போட்டிருந்தேன்.

அந்த நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பானக் கேனைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 15 சென்ட், பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 40 சென்ட் கிடைக்கும். வார இறுதிக் கொண்டாட்டங்களுக்குப் பிறகு பூங்காக் குப்பைத்தொட்டிகளைத் துழாவி அவற்றைச் சேகரிக்கும் முதியவர்களை அடிக்கடி பார்த்தேன். கைபேசிச் செயலிகள் வழியாகச் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்தவர்கள். அவர்களைத் தொழிலாளி என்று கொள்ளாமல் தனி ஒப்பந்தக்காரர் என்று வைத்திருந்தார்கள். கூட்டு ஒப்பந்தம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. பனியில் சைக்கிள் மிதித்துப் போகும் அந்தப் பையன்களைக் காணும்போது என் மனம் பதறும். அங்கேயும் விலை மலிவாகக் கிடைத்த இடத்தில், அந்த மலிவு யாரோ ஒருவர் முதுகின் மேல் இருந்தது.

மாதக் கடைசியில் கணக்கு இப்படி நிற்கும்: வாடகை 375, பயணம் 30, மதிய உணவு 55, மளிகை 65, கைபேசி 15. மீதி 20 யூரோ. அதில் ஒரு மாதம் கம்பளிக் கையுறை, ஒரு மாதம் கிறிஸ்துமஸ் சந்தையில் ஒரு குவளை சூடான பழரசம், ஒரு மாதம் வீட்டுக்குப் படம் போட்ட அட்டைகள். 560ஐத் தாண்டவில்லை. வயிற்றையும் கட்டவில்லை.

ஊருக்குத் திரும்பிய மாதம் முதல் தேதி அம்மா நோட்டைப் பிரித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தோம். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு மாதத்துக்கு எவ்வளவு என்று இருந்த தொகையை, அவர் எங்கள் வீட்டில் செலவிடும் மணிகளால் வகுத்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஊர்ல எல்லாரும் இவ்வளவுதான் குடுக்கறாங்க" என்றார். அது உண்மை. அப்பா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் குடுக்கறது கம்மின்னா நாமளும் கம்மியாத்தான் குடுக்கணுமா?" என்றார். அந்த மாதம் அக்காவின் சம்பளம் கூடியது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்களை இப்போது நாங்கள் மூவரும் தேய்க்கிறோம். இஸ்திரி வேண்டிய துணிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் துணிக்குக் கொடுக்கும் காசு உயர்ந்தது.

ஒரு வீட்டில் கூலி உயர்ந்தால் ஊர் மாறிவிடாது என்று எனக்குத் தெரியும். ஊர் மாற வேண்டுமானால் சங்கமும் சட்டமும் வேண்டும். வீட்டு வேலை செய்பவர்கள் சேர்ந்து நின்று பேரம் பேசும் பலம் வேண்டும். மதிய உணவைப் போல, பேருந்தைப் போல, நூலகத்தைப் போல எல்லோருக்கும் பொதுவானவை இன்னும் நிறைய வேண்டும். நடுத்தர வீட்டு வாழ்க்கையின் சௌகரியத்துக்கு அடியில் மலிவான உழைப்பு இருக்கிறது. அதைக் கண்டுகொள்ள நான் ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. இனி போகிறவர்களாவது இங்கிருந்தே கண்டுகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வடக்கு ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். என் காலத்து எண்கள் பழையவையாகிவிட்டன என்று சொல்லி, வழிமுறையைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியானவுடன் முதல் நாளே மாணவர் குடியிருப்புக்கு விண்ணப்பியுங்கள். பெரிய சாப்பாட்டை மதியம் பல்கலைக்கழகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிலோ விலையைப் பாருங்கள். கூடச் சமைக்க ஆள் சேருங்கள். நூலக அட்டையை முதல் வாரமே வாங்குங்கள். பிறகு நோட்டில் இன்னொரு கட்டமும் போடச் சொல்கிறேன்: இந்த வேலையைச் செய்தவர் யார், அவருக்கு இதில் என்ன போய்ச் சேர்ந்தது? ஹெல்சிங்கியோ கும்பகோணமோ, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் எந்தக் குடும்பமும் தன் வாழ்க்கைக்கு எவ்வளவு செலவாகிறது என்று சொல்லிவிட முடியாது.